ஐவியின் காது மெசின்

இராமையா பிளேடால் வயரின் ரப்பரைக் கீறி, உள்ளே இருந்த செம்பு இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னைக்கு நேத்து அறுந்தது இல்ல, கஸ்பர். செம்பு பச்சை பிடிச்சுப்போச்சு. ஒரு வருசமாவது இருக்கும்."

கஸ்பருக்கு விளங்கவில்லை. மனைவி ஐவியின் காது மெசினில் மூடி விரிசல் விட்டிருந்தது. அதை ஒட்டிக்கொண்டு போகத்தான் றொசல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு, இராமையாவின் ரேடியோக் கடைக்கு வந்திருந்தான். வயரைப் பற்றி ஐவி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த வயரை அவன் எப்படியெல்லாம் பார்த்துக்கொண்டான்! காய்ச்சலில் காது போன ஐவிக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெசின் அது. சட்டைக்குள் ஒரு பெட்டி, காதுக்குள் ஒரு குமிழ், இரண்டுக்கும் நடுவில் வயர். பெட்டியில் செருகும் இடத்தில்தான் ஒடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கஸ்பர் பழைய பேனாவின் ஸ்பிரிங்கைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டி, மேலே நூல் சுற்றினான். வயரைப் பிடித்து இழுக்காதே, பெட்டியில் இறுக்கிச் சுற்றாதே, மழையில் கொழுந்து பறிக்கப் போனால் பால்மா டின்னில் வைத்துவிட்டுப் போ என்று தினமும் பாடம் நடத்தினான்.

"ஸ்பிரிங்க ரொம்ப இறுக்கிட்டீங்க," என்றார் இராமையா. "அது முடியுற இடத்துலயே மடங்கி மடங்கி அறுந்திருக்கு. தளர்வா விட்டிருக்கணும்."

புது வயர் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் குழப்பம் முழுதாக வந்தது.

ஒரு வருடமாக ஐவிக்கு எதுவுமே கேட்கவில்லையா? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாளே. கேலி பேசினால் சிரித்தாளே. பேசும்போது அவன் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்க மாட்டாள். ஆசை என்று நினைத்திருந்தான். வாயைப் பார்த்திருக்கிறாள்.

அப்படியானால், போன பெரிய வெள்ளிக்கிழமை?

அன்று சாயந்தரம் அடுப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். அம்மாவோடு கப்பலேறித் திருச்சிக்கே போய்விட்ட அவள் அண்ணன், 'அம்மாவுக்கு முடியல, உன்னையே கேக்குது, ஒருதரம் வந்துட்டுப் போ' என்று கடுதாசி போட்டதை. கப்பலில் போனவர்கள் யாரும் திரும்பாததால், அவளும் திரும்பமாட்டாளோ என்று பயந்து அதைத் தகரப் பெட்டியின் அடியில் ஒளித்ததை. இரண்டு மாதத்தில் சாவுத் தந்தி வந்தபோது வாயைத் திறக்காமல் இருந்ததை.

ஐவி அடுப்பை ஊதிக்கொண்டே, "சரி, விடுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை மாதமாக அவன் நிம்மதியாக இருந்தான்.

அன்று தன் முகம் எந்தப் பக்கம் இருந்தது? அவளைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், ஒரு மைல் திரும்பி நடந்தான்.

தோட்டத்து லயத்தில், தங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அவளை உட்காரவைத்து, குமிழை அவனே காதில் வைத்து சுவிட்சைப் போட்டான். ஐவி திடுக்கிட்டாள். கூரையில் மழை விழும் சத்தத்துக்கு அண்ணாந்து பார்த்தாள்.

"அறுந்தத ஏன் சொல்லல?"

"அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டுனீங்க. எப்படிங்க சொல்றது?"

கஸ்பர் அவளுக்கு நேரே உட்கார்ந்தான். கடுதாசி வந்த நாளிலிருந்து தொடங்கி, ஒன்றுவிடாமல் மறுபடி சொன்னான்.

ஐவி முழுக்கக் கேட்டாள்.

"இதத்தான் அன்னைக்குச் சுவரப் பார்த்துக்கிட்டு சொன்னீங்களா? பெரிய வெள்ளியும் அதுவுமா குடிச்சிட்டு வந்ததுக்கு வருத்தப்படுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுவாள், அல்லது எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கடுதாசிய, வந்த வாரமே எடுத்துப் படிச்சிட்டேங்க," என்றாள். "அம்மாவ அந்த நெலமையில போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்க ஒளிச்சு வச்சது எனக்கு வசதியாப் போச்சு."