அளவுக்கு ஓர் ஆள்

ஆற்றுப் பாலம் எழும்புவதை லண்டன் பத்திரிகைக்காக வரைந்த வேதநாயகம், ஒவ்வொரு தூணின் பக்கத்திலும் ஒரு கூலியாளை வரைவார். ஆள் நின்றால்தான் தூணின் உயரம் தெரியும்.

நான்காம் தூணோடு வரையப்பட்ட மாடப்பன், தூணுக்காக ஆற்றில் இறக்கிய அஸ்திவாரக் கிணற்றில் மணல் தோண்டும்போது மூழ்கிப்போனான். ஐந்தாம் தூணோடு வரையப்பட்ட குழந்தையான் என்பவனும் அப்படியே. ஆறாம் தூண் படத்தில் தன் முகத்தைப் பார்த்த சடையன், கிணற்றில் இறங்காமல் ஓடிவந்தான்.

“சாமி, என்னை அழிச்சிடுங்க. வீட்டுக்காரி மாசமா இருக்கா.”

“இது பென்சில் கோடுடா, பைத்தியக்காரா!” வேதநாயகம் சிரித்தார். ஆனாலும் ரப்பரால் அழுத்தித் தேய்த்தார்.

சடையன் இறங்கினான். பொழுது சாய உயிரோடு ஏறி வந்தான். கரையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை இன்ஜினீயர் துரை படத்தை வாங்கிப் பார்த்தார்.

“ஆறாவது தூண் பொம்மை மாதிரி இருக்கு, மேன். பக்கத்துல யாரையாவது போடு. இப்பவே போடு.”

வேதநாயகம் பென்சிலைச் சீவிக்கொண்டு நிமிர்ந்தார். கரையில் முந்நூறு கூலிகளும் வேலையை விட்டுவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அவருக்கு முகம் காட்டி நின்றவர் துரை ஒருவர்தான்.