அட்டைப்படத்துச் சாமி

“படம் வேணாம் சார். கேமராவை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க.”

சொல்லிவிட்டுத் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார் அந்த மனிதர். விஸ்வநாத்துக்கு எரிச்சலாக வந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தோடு மதுரை தல்லாகுளத்திலிருந்து அவனும் நடக்கிறான். பயணப் பத்திரிகைக்கு ஓர் அட்டைப்படம் வேண்டும். அது அமைந்தால்தான் வேலை நிலைக்கும் என்று ஆசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். இதுவரை எடுத்ததெல்லாம் குப்பை. இப்போது அட்டைக்கென்றே அமைந்த மாதிரி ஒரு காட்சி எதிரில் இருக்கிறது, ஆள் முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறார்.

வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால், புளியமர நிழல். கொப்புளம் வெடித்த அவர் பாதத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள் பாண்டிச்செல்வி. போன வருஷம் அவள் புருஷன் இறந்துபோனான். அவன் குறையாக விட்டுப்போன நேர்த்திக்கடனை முடிக்கத்தான் மாலை போட்டதாகக் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்.

இந்த மனிதர் அவளுக்கு உறவு இல்லை. காளவாசலில் வந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டவர். மாலை போட்டவர்களுக்குள் பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஆணும் பெண்ணும் சாமிதான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, கூடப்பிறந்தவள்கூட ஒருத்தரை இப்படித் தாங்கமாட்டாள். வழியில் சுக்குக்காபி கொடுத்தால் முதல் டம்ளர் அவருக்குத்தான். அவர் மூட்டையையும் அவளே சுமந்தாள்.

இனிமேல் ஓர் அடிகூட வைக்க முடியாது, பஸ் ஏறி வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றார் அவர்.

“மெதுவா வாங்க சாமி, நான் இருக்கேன். பழனி வரைக்கும் வந்துதான் ஆகணும்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அந்த சார் ஆசையாகக் கேட்கிறார், ஒரு படம்தானே என்று அவளே எடுத்தும் சொன்னாள். அவளிடம் மறுக்க முடியாமல் துண்டை எடுத்தார். விஸ்வநாத் சடசடவென்று எடுத்துத் தள்ளினான். அடடா, இதுவல்லவா படம்! வேலை நிலைத்தது என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் நொண்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனதும், படத்தை அவளிடம் காட்டினான். கீழே போட அவர் பேர் வேண்டும், கேட்டால் சொல்லமாட்டாரே என்று குறைப்பட்டான்.

“விருமாண்டின்னு போடுங்கண்ணே.”

“உங்ககிட்ட மட்டும் சொன்னாராம்மா?”

“அவரு எங்க சொன்னாரு. போன தைப்பூசத்துக்கு இதே ரோட்டுல நடந்து போன என் வீட்டுக்காரர் மேல வேனை ஏத்திக் கொன்னவரு அவருதான். போலீஸ் ஸ்டேஷன்ல வச்சுப் பாத்தேன். அவருக்கு என்னைத் தெரியாது.”

புருஷனைக் கொன்றவனின் காலுக்கு மருந்து போடுகிறாளே, இவளல்லவா தெய்வம்! கும்பிடலாம் என்று விஸ்வநாத் கையைத் தூக்கினான்.

அவள் விரலில் இருந்த எண்ணெயை நிதானமாகத் துடைத்தாள்.

“கழுத்துல மாலை கெடக்குற வரைக்கும் அவரும் சாமி, நானும் சாமி. பகை ஆகாதுண்ணே. அவரு நல்லபடியா வந்து சேரட்டும். பழனியில ரெண்டு பேரும் மாலையைக் கழட்டிருவோம்ல.”