கட்டிலுக்கு அடியில்

ஆன்லைனில் கடை விரித்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு முதல் வியாபாரம் நடந்ததே என்னால்தான். மீதிப் பாதிப் பேர், என்னைக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டு, அவஸ்தைப்பட்டு, அப்புறம் என்னிடம் வந்தவர்கள்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மனைவியும் நம்ப மாட்டாள். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் ஒரு சைபரைத் தட்டிவிட்டுத்தான் காதில் வாங்குவாள். ஆயிரம் என்றால் நூறு. நூறு என்றால் பத்து.

தபால் ஆபீசில் பார்சல் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன் நான். முழு விலாசம் இல்லாத பார்சலைக் கையால் தொட்டதில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே, ஆன்லைன் விற்பனையாளர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் ஒரு மன்றத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் அதே ஜன்னல்தான். புதிதாக வருகிறவர்கள் 'எதுவும் விற்கவில்லை, உதவுங்கள்' என்று மொட்டையாக ஒரு வரி போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவர்களுக்காகவே ஒரு பதிவு எழுதினேன். என்ன விற்கிறீர்கள், கடைசியாக எதை மாற்றினீர்கள், திரையில் என்ன வந்தது, கூடவே ஒரு படம். இந்த நாலும் இருந்தால் பதில் ஓடி வரும் என்று.

இரண்டு வருடமாக அது மன்றத்தின் உச்சியில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஐம்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள்.

சரி, ஐயாயிரம்.

அதில் எல்லோருக்கும் பிடித்தது, எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்கு நான் கொடுத்த உதாரணம். 'மூக்குமேல்' என்ற பெயரில் வந்த ஒரு புதியவர் கேட்டது. "நான் போட்ட பொருளைக் காணவில்லை. நேற்று இருந்தது. என்ன செய்வது?"

அதற்கு நான் எழுதிய பதிலையும் கீழேயே போட்டிருந்தேன். "கட்டிலுக்கு அடியில் தேடிப் பாருங்கள்."

மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. பதிலுக்குக் கீழே சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசை கட்டின. மூக்குமேல் அதற்கப்புறம் வரவேயில்லை.

இன்று காலை என் மூக்குக் கண்ணாடியைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அலமாரிகள் நடுங்கின. கடைசியில் முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன்.

கண்ணாடி கிடைத்தது. அதை மறித்துக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதையும் இழுத்தேன்.

பெட்டி நிறையத் துணி உறைகள். மூக்குக் கண்ணாடி வைக்கிற உறை. கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு, உள்ளே துடைப்பதற்கு ஒரு மெல்லிய துணி. எப்போதும் கண்ணாடியைத் தொலைக்கிற ஒருவனை மனதில் வைத்துத் தைத்த மாதிரி. பத்தாயிரம் உறைகள் இருக்கும்.

எண்ணினேன். நாற்பத்தாறு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓர் உறையில் தொங்கிய சீட்டைப் படித்தேன்.

மூக்குமேல்.

ஒரு காலத்தில் இந்த அறையில் என் மனைவியின் தையல் மெஷின் ஓயாமல் ஓடியது. யாருக்கோ தைத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை. ஒரு நாள் நின்றது. ஏன் என்றும் கேட்கவில்லை. மொட்டையாகக் கேட்காதீர்கள் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவன், வீட்டில் மொட்டையாகக்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்தப் பதிலை எழுதிய அன்று மதியம், சாப்பிடும்போது, அவளிடமே அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் எதையும் தட்டிக் குறைக்கவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இப்போது காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா? ஒரு உறை விக்கறதுக்குள்ள, ஏழு நாட்டுக்கு ஏத்துமதி நடக்குதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருப்பீங்க. நாலு வித்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"படத்து மேல கடைப் பேரை எழுதியிருந்தியா?"

தலையாட்டினாள்.

"அதான். படத்துல எழுத்து இருந்தா சைட்காரங்க பொருளையே எடுத்துருவாங்க. அதை அழிச்சிட்டுத் திரும்பப் போட்டா மறுநாளே வந்துரும்."

"இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

தெரியும். புதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் செய்கிற தப்பு அது. ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அந்த வரிக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நான் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. உறையின் கயிறு விரலில் சுற்றியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணைக் குறைத்துச் சொன்னேன்.

"ஏதோ விளையாட்டா எழுதினது. ஒரு இருபது பேர் சிரிச்சிருப்பாங்க. அதுக்கு மேல இருக்காது."

அவள் துணிகளைக் கட்டிலில் போட்டாள். என் சட்டை ஒன்றை எடுத்து உதறி, கையை உள்ளே மடித்து, ஓரத்தில் வைத்தாள்.

"இருபது இல்லீங்க," என்றாள். "இருநூத்திப் பதினாலு."