மாப்பிள்ளை காரும் மண்ணூர் மேடும்

1991 ஆவணி. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், மாப்பிள்ளை தசரதன் வந்த பழைய டாக்ஸி மண்ணூர் மேட்டில் மூன்றாவது முறையாக நின்றது. உள்ளே ஒன்பது பேர். கல்யாணப் பந்தல் மேட்டுக்கு மேலே.

“இன்னாபா, ஃபர்ஸ்ட் கியர் போட்டியா?” என்றார் மாப்பிள்ளையின் மாமா.

“அதுலதான் கீது. இழுப்பு பத்தல,” என்றார் டிரைவர் முனிரத்தினம்.

“எறங்கி நடந்துடலாம்.”

“வேணாம் மாமா,” என்றான் தசரதன். “எங்க மேட்ட எந்தக் காரும் ஏறாதுன்னு மாமனார் சவால் வுட்டுகீறாரு. நடந்து போனா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு.”

முனிரத்தினம் வண்டியை மேட்டடிக்கு இறக்கி, வந்த வழியைப் பார்க்கத் திருப்பினார்.

“மாப்ள ஓடிப் போறாரு டோய்,” என்றது மேலேயிருந்து ஒரு குரல். தசரதனின் அம்மா அழத் தொடங்கினார்.

“அழாதக்கா. இந்த வண்டிக்கு ஃபர்ஸ்ட்டவிட ரிவர்ஸ்லதான் இழுப்பு ஜாஸ்தி. வேகம் வராது, ஆனா செவுரே ஏறும்,” என்று கியரை மாற்றினார் முனிரத்தினம்.

வண்டி பின்பக்கமாகவே மேடேறிப் பந்தல் வாசலில் போய் நின்றது. ஊரே விசிலடித்தது. மாமனாரே வந்து கார் கதவைத் திறந்துவிட்டார்.

ஆரத்தித் தட்டோடு காத்திருந்த பெண் வீட்டுப் பாப்பம்மாள், முதலில் வந்து சேர்ந்தது எதுவோ அதற்கே மரியாதை என்று, டிக்கிக்கு மூன்று முறை தட்டைச் சுற்றிப் பொட்டு வைத்தார்.