கீழ்த்தட்டு மெழுகுவர்த்தி

"ஏய் இரிமியா, எடு கையை!"

வர்வாரா போட்ட சத்தத்தில், பூசை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

கோயில் சுவரோரம் இரண்டு தட்டு வைத்த தகரப் பெட்டி. மேல்தட்டில் உயிரோடு இருப்பவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கீழ்த்தட்டு இறந்துபோனவர்களுக்கு. அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும்.

இரிமியா குனிந்து கீழ்த்தட்டு மணலில் ஒன்றை ஏற்றி நட்டு, "என் அனிக்காவுக்கு, ஆண்டவரே" என்றான். அவனுக்குக் காது மந்தம். முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு அவன் சொல்வது பத்துப் பேருக்குக் கேட்கும்.

அனிக்கா அவன் மனைவி, வர்வாராவின் ஒரே தங்கை. நகரத்து ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறாள். உயிரோடுதான் இருக்கிறாள்.

வர்வாரா அந்த மெழுகுவர்த்தியை வெடுக்கென்று பிடுங்கி, விரலால் நசுக்கி அணைத்து, கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"உசிரோட இருக்கிறவளுக்கு இங்கயா ஏத்துவ?"

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என்னத்தைச் சொல்லப் போற? இழவு வீட்டுப் படையலுக்குக் கோதுமையும் ஊறப் போட்டாச்சா? கறுப்புச் சட்டைக்கு அளவு குடுத்தாச்சா?"

"பாவம், அலைஞ்சு அலைஞ்சு அவனுக்கும் அலுத்துப் போச்சு போல" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அது இரிமியாவுக்குக் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

வர்வாராவையும் குறை சொல்ல முடியாது. தங்கை படுத்த நாளாய் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊர் ஊராகப் போய் ஏழு சாமியார்களைக் கூட்டிவந்து, எண்ணெய் பூசும் ஜெபம் வைத்தவள் அவள்தான். அந்த எண்ணெயை, எரியும் விளக்கை முந்தானைக்குள் வைத்துப் பொத்தி எடுத்துப் போவது மாதிரி நெஞ்சோடு அணைத்து, பஸ்ஸில் கொண்டுபோய்த் தங்கையின் நெற்றியில் தடவிவிட்டு வந்தாள். அவளுடைய விசுவாசத்துக்குக் குரல் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

"என் தங்கச்சி எழுந்து நடந்து வருவா. ஆண்டவர் அற்புதம் பண்ணுவார். நீ நம்புறியா, இல்லையா?"

"என்னக்கா?"

"நம்புறியான்னு கேட்டேன்!"

"நம்புறேங்க்கா. தினமும் அதைத்தான் கேக்கறேன். பண்ணலைன்னாலும் அவர் சித்தம்."

"சித்தமாம் சித்தம்! இது கை கழுவுறவன் பேச்சு. புருஷன் நீயே இப்படி இருந்தா, அற்புதம் எப்படி நடக்கும்?"

 இரிமியாவின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அவன் எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டான். அவன் ஃபோனில் யார் பேசினாலும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள்.

அனிக்கா போய்விட்டாள்.

வர்வாரா கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகை வரவில்லை. வந்தபோது அடக்க முடியவில்லை.

"மெழுகுவர்த்தி இல்லாமப் போயிட்டாளே! ஒரு வெளிச்சம் இல்லாமப் போயிட்டாளே என் செல்லம்!"

கூட்டத்தில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உயிர் பிரியும்போது மெழுகுவர்த்தி எரியாத சாவை அந்த ஊரில் விரோதிக்குக்கூட நினைக்க மாட்டார்கள். வழி தெரியாமல் அந்த உயிர் இருட்டில் நின்றுவிடும் என்பார்கள்.

"ஆக்சிஜன் இருக்கு, தீக்குச்சிகூட உரசக் கூடாதுன்னாங்களே! அவ கையில ஒண்ணைக் குடுக்க முடியாமப் போச்சே!"

இரிமியா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவளும் அதுக்குத்தாங்க்கா பயந்தா."

வர்வாரா நிமிர்ந்து பார்த்தாள்.

"என் காதுல வாயை வெச்சுச் சொன்னா. 'இங்க ஏத்த விட மாட்டாங்க, நீ கோயில்ல தினமும் ரெண்டு ஏத்து. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அற்புதம் நடந்தா மேல எரியறது என்னுது. ஆண்டவர் வான்னு கூப்பிட்டுட்டார்னா கீழ எரியறது என்னுது. அவர் எங்க வெச்சாலும் எனக்கு இருட்டு வேண்டாம்'னா."

வர்வாரா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மேல்தட்டின் ஓரத்தில் இரிமியா ஏற்றிய இன்னொன்று எரிந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. அதற்கு நேர் கீழே மணலில் ஒரு குழி மட்டும் இருந்தது.

அவள் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று.

"எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"அக்காகிட்ட சொல்லாதன்னா. 'கீழ ஏத்தறது தெரிஞ்சா அவ மனசு உடைஞ்சிடும், அவ நம்பிக்கிட்டே இருக்கட்டும்'னா."

"ஐயோ, நான்தானே அணைச்சேன்! நான்தானே என் தங்கச்சியை இருட்டுல விட்டேன்!" தலையில் அடித்துக்கொண்டாள்.

இரிமியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இல்லக்கா. நீங்க அணைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அவ போயிட்டாளாம். நர்ஸ் சொன்னாங்க. மெழுகுவர்த்தி எரியும்போதுதான் போயிருக்கா. வெளிச்சத்துலதாங்க்கா போனா."

"நிஜமாவா?"

"சத்தியமா."

வர்வாரா அவன் தோளில் சாய்ந்து அழுதாள். இருபது வருஷத்தில் அவனை அவள் தொட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

"இதோ, இந்த நிமிஷம்தாங்க உசிரு பிரிஞ்சுது" என்று நர்ஸ் ஃபோனில் சொன்னது அவளுக்கும் நன்றாகவே கேட்டிருந்தது.