மேல் வீட்டுச் சத்தம்

"சார், கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? அந்தப் பையனுக்கு இன்னைக்குத்தான் முதல் மேடை!"

மிருதுளா எரிந்து விழுந்தாள். மேடையில் ஆல்வின் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்து நாற்காலிப் பெரியவர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்லோகம் சொல்லவா ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு வருவார்கள்?

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காபிக் கடையின் மாடி. நாற்பது நாற்காலி, ஒரு மைக். நிகழ்ச்சி நடத்தும் ஜோசலின் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"புதுப் பையன், இரும்புலியூர்லேர்ந்து வந்திருக்கான். நீங்க சிரிச்சா அடுத்த மாசமும் மேடை உண்டு. இல்லைன்னா இதுதான் கடைசி!"

இரண்டு ஜோக் முடிந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. மூன்றாவதை எடுத்தான் ஆல்வின்.

"எங்க ஃப்ளாட்ல கீழ் வீட்டு சார் ஒருத்தர். மேல ஸ்பூன் விழுந்தாக்கூட வாட்ஸ்அப் குரூப்ல கம்ப்ளெயின்ட் போடுவாரு. ஒரு தடவை வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வேளாங்கண்ணி போயிட்டோம். அன்னைக்கும் கம்ப்ளெயின்ட்! என்னன்னா..."

அப்போதுதான் அவன் பார்வை மிருதுளா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டான். முகமெல்லாம் வியர்வை.

'ஐயோ, மறந்துட்டானே!' மிருதுளா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

சட்டென்று பக்கத்துப் பெரியவர் எழுந்து கத்தினார்.

"'மேல் வீட்ல சத்தமே இல்லை, எனக்குத் தூக்கம் வரலை'ன்னு போட்டாரு!"

மாடியே அதிர்ந்தது. ஆல்வினும் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் அவன் எதைச் சொன்னாலும் கைதட்டல்தான்.

மிருதுளாவுக்கு மட்டும் ஆறவில்லை.

"அவன் வாய்லேர்ந்து வர வேண்டியதைப் பிடுங்கிட்டீங்களே சார்! இந்த வயசுல எதுக்கு இப்படி ஒரு விளம்பரம்?"

"சாரிம்மா" என்று அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆல்வின் நேராக அவர்களிடம்தான் வந்தான். 'நல்லா நாலு வார்த்தை கேட்கட்டும்' என்று மிருதுளா வழி விட்டு நின்றாள்.

அவனோ கையைப் பிசைந்தான்.

"சார்... சத்தியமா நீங்க வருவீங்கன்னு நினைக்கலை, ராஜகோபாலன் சார்."

"ஒரு மாசமா பாத்ரூம்ல நின்னு சொல்லிப் பார்க்கறே. எங்க பாத்ரூம்ல ஒரு வார்த்தை விடாம கேட்குது. நேர்ல வந்து கேட்க வேண்டாமா?" என்றார் அவர். "நல்லாப் பண்ணினே. நாளைலேர்ந்து இன்னும் சத்தமாவே பழகு, கம்ப்ளெயின்ட் போட மாட்டேன். ஆனா அந்த நாற்காலியை மட்டும் இழுக்காம தூக்கி வையிப்பா!"