கிரேக்க அறிஞரின் பஸ்

"கிரேக்க அறிஞர் காலத்துல பஸ் ஏதுண்ணே?"

அன்று காலையில் கிழித்த காலண்டர் தாளை மேசைமேல் வைத்தாள் பாண்டீஸ்வரி. பழங்காநத்தத்தில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் சந்தானம், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளின் அடியிலிருந்த பொன்மொழியைப் படித்தார்.

'தூங்குகிறவன் எந்த பஸ்ஸையும் தவறவிடுவதில்லை; கனவில் எல்லா பஸ்ஸும் அவன் வீட்டு வாசலில்தான் நிற்கும். – கிரேக்க அறிஞர்.'

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடங்களில் எந்தப் பொன்மொழியைப் பற்றியும் ஒருவர்கூட வந்து கேட்டதில்லை.

மதிய நேரம். மின்விசிறிக் காற்றில் அடுத்த வருடத்துத் தேதிகள் அறையெங்கும் மெல்ல எழுந்து, மெல்ல விழுந்துகொண்டிருந்தன. ஒரு மார்ச் மாதத் தாள் அவள் காலடியில் வந்து படுத்தது. திருமங்கலத்தில் பஸ் ஏறியதும் விசாரித்து விசாரித்து இங்கே வந்து சேர்ந்ததும் வேறு யாருக்கோ நடந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"இது எங்க வீட்டுக்காரர் சொன்னதுண்ணே. கல்யாணமான புதுசுல நான் தூங்கித் தூங்கியே வேலைக்குப் போற பஸ்ஸ விட்ருவேன். அப்ப என்னையக் கேலி பண்ணிச் சொன்னாரு."

சந்தானம் சமாதானமாகப் பேசினார். வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் மக்கள் மதித்துப் படிக்கிறார்கள். பெயர்களெல்லாம் தன் கைவேலைதான் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் அவள் கணவர் பெயரையே போட்டுவிடுவதாகச் சொன்னார். ஒருநாள் அவரையும் அழைத்து வரச் சொன்னார். அவள் குனிந்து காலடியில் கிடந்த மார்ச் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஆனா வரி என்னோடது இல்லம்மா. திருப்பூர்ல இருந்து ஒருத்தர் தபால்ல எழுதி அனுப்புறாரு. வருசத்துக்கு ஒரு காலண்டர் அனுப்புனாப் போதும்பாரு."

கோப்பிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பாண்டீஸ்வரி அதை வெகுநேரம் பார்த்தாள். சாய்வான எழுத்துகளின்மேல் விரலை வைத்து, தூக்கத்தில் நடப்பவள்போல வரி வரியாக நகர்த்தினாள்.

சந்தானத்துக்குச் சங்கடமாகிவிட்டது.

"அடுத்தவர் சொன்னதத் தன்னோடதுன்னு அனுப்பியிருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. இன்னைக்கே கடுதாசி போட்டு அந்த ஆளக் கண்டிச்சிர்றேன்."

"கண்டிக்கல்லாம் வேணாம்ண்ணே, அட்ரஸ மட்டும் குடுங்க, நானே போறேன்" என்றாள் பாண்டீஸ்வரி. "இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்து. அவரு காணாமப் போயி ஒன்பது வருசமாச்சு."